பிளெய்ன்ஸ்பரோ உடன்படிக்கை

மயில்சாமி அண்ணன் வல்லரசு ஆனது ஒரே நாளில் நடந்ததல்ல. நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் அவரும் எங்களைப் போலவே பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அபார்ட்மெண்டில்தான் குடியிருந்தார். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் யாரோ விட்டுப்போன சோபாவைத் தூக்கிவந்து, அதன்மேல் சென்னிமலைப் பெட்ஷீட்டை விரித்து, அதில் உட்கார்ந்து டிவி பார்க்கிற சாதாரண நாடாகத்தான் இருந்தார்.

பிறகு, இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டருக்கெல்லாம் புத்தி பிசகப்போகிறது என்று ஒரு பயம் கிளம்பியது. அண்ணன் கோயமுத்தூரில் படித்த கம்ப்யூட்டர் மொழி மிகவும் பழையது. அதைப் படித்ததற்காக அங்கே அவரைக் கேலி செய்தார்களாம். இப்போது அந்தக் கிழட்டு மொழி தெரிந்தவர்களைத் தேடித்தேடிக் கூப்பிட்டார்கள். அண்ணன் மேனேஜர் ஆனார். கிரீன் கார்டு வந்தது. பின்பக்கம் மரப்பலகையில் டெக் கட்டிய டவுன்ஹவுஸ் வந்தது. ஏழு பேர் உட்காரும் வேன் வந்தது. வீட்டில் இருந்ததோ அண்ணன், கண்மணி அக்கா, நாலு வயசு ஓவியா என்று மூன்றே பேர். மீதி சீட்டுகளுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லாம் அமைந்துவிட்ட ஒருவருக்கு அடுத்து வேண்டியிருப்பது மற்றவர்களுடைய சண்டை.

அந்த வருஷங்களில் டிவியில் அடிக்கடி ஒரு காட்சி வரும். எங்கேயோ தூர தேசத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு தலைவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துவந்து, புல்வெளியில் நிறுத்தி, கை குலுக்க வைப்பார்கள். இவர்கள் நடுவில் உயரமான ஒருவர், கோழி குஞ்சுகளை அணைப்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்பார். மயில்சாமி அண்ணன் அதை வாயைத் திறந்தபடி பார்ப்பார். கை குலுக்குகிற இரண்டு பேரை அவர் பார்த்ததே இல்லை.

"கவனிச்சீங்களா?" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "சண்டை போட்டவன் ரெண்டு பேரும் சைடுல போயிடறான். நடுவுல நிக்கறவன்தான் போட்டோ."

என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் அண்ணனுடைய ப்ராஜெக்டில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தார். அதனால் அண்ணன் எது சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு வரும்.

முதல் வெற்றி கோபிச்செட்டிபாளையத்தில் கிடைத்தது. அண்ணனின் பங்காளிகள் இரண்டு பேருக்கு வரப்பில் நின்ற ஒரு தென்னை மரத்தால் தகராறு. இந்தப் பக்கம் விழுந்த காய் யாருக்கு, அந்தப் பக்கம் விழுந்த காய் யாருக்கு என்பதுதான் விஷயம். அண்ணன் ஞாயிறு தவறாமல் போனில் பேசினார். இரண்டு பேரும் கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள், மரம் இருப்பதால்தான் சண்டை என்று. மரத்தை வெட்டினார்கள்.

"இப்ப சண்டையே இல்ல பாருங்க" என்றார் அண்ணன்.

வாஸ்தவம்தான். தேங்காயும் இல்லை. பிறகு அந்த இரண்டு பேரும் அண்ணன் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை என்று கண்மணி அக்கா சொன்னார். அதை அண்ணன் அமைதி நிலவுகிறது என்று எடுத்துக்கொண்டார்.

அண்ணனிடம் இருந்த பெரிய ஆயுதம் அவர் வீட்டுப் போன். அதில் ஒருவரைக் கூப்பிட்டு, காத்திருக்கச் சொல்லிவிட்டு, இன்னொருவரைக் கூப்பிட்டு, ஒரு பட்டனை அமுக்கினால் மூன்று பேரும் சேர்ந்து பேசலாம். மறுபடி அமுக்கினால் ஒருவர் காணாமல் போவார். இரண்டு பேரை ஒரே நேரத்தில் காக்க வைக்கிற சக்தி எல்லாருக்கும் வாய்க்காது என்று அண்ணன் நம்பினார்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் பனி உருகும்போது பெரிய போர் ஒன்று வந்து சேர்ந்தது.

அண்ணனுடைய சித்தப்பா கிட்டுசாமிக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் சபரிநாதன் டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருந்தான். மகள் ஷ்யாமளா கலிஃபோர்னியாவில், சான்டா கிளாராவில். அந்த வருஷம் ஷ்யாமளாவுக்கு ஜூலையில் பிரசவம். சபரிநாதனின் மனைவி ருக்மிணிக்கு ஆகஸ்ட் கடைசியில். ருக்மிணியின் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. கைவசம் இருந்தது ஒரே ஒரு அம்மா. அது ஷ்யாமளாவுக்கு அம்மா, ருக்மிணிக்கு மாமியார், பெயர் சாந்தாமணி.

மகளின் தலைப்பிரசவம் தாய் பார்க்க வேண்டியது என்றாள் ஷ்யாமளா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவங்களுக்குத்தான் ஏற்கனவே ஒண்ணு இருக்கே" என்றும் சொல்லிவிட்டாள்.

"ஏற்கனவே ஒண்ணு இருந்தா ரெண்டாவது தானா பொறந்துருமா?" என்று டெக்சாஸிலிருந்து ருக்மிணி கேட்டாள். அத்தோடு நாத்தனாரும் அண்ணியும் பேசிக்கொள்வது நின்றுபோனது.

அடுத்து ஸ்பான்சர் பத்திரம். யாருடைய பத்திரத்தில் அம்மா வருகிறாரோ, அவர்களுக்குத்தான் அம்மா சொந்தம் என்று இரண்டு வீட்டிலும் ஒரு எண்ணம். அண்ணன் உள்ளே புகுந்தது இங்கேதான். "ரெண்டு பேரும் பேப்பர் அனுப்ப வேண்டாம். நான் அனுப்பறேன். சின்னம்மா நேரா நெவார்க்ல எறங்கட்டும். இது நியூட்ரல் கிரவுண்ட். இங்க வெச்சுப் பேசி முடிச்சுக்கலாம்" என்றார். சண்டையில் இருந்த இரண்டு பேருக்கும், அடுத்தவர் வீட்டுக்குப் போகாதவரைக்கும் நல்லது என்று பட்டது. ஒப்புக்கொண்டார்கள்.

மே மாதம் சாந்தாமணியம்மா வந்து இறங்கினார். வேனில் இடம் நிறைய இருந்ததால் நாங்களும் போயிருந்தோம். ஏர்போர்ட்டிலிருந்து வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஷ்யாமளா வூடு இங்கிருந்து எவ்வளவு தூரம் சாமி?"

"அது அந்தக் கோடிங்க சின்னம்மா. ஆறு மணி நேரம் பறக்கணும்."

"அப்பறம் நான் எதுக்கு இங்க எறங்குனேன்?"

அண்ணன் நியூட்ரல் கிரவுண்டைப் பற்றி வீடு வரைக்கும் விளக்கிக்கொண்டே வந்தார். அந்தம்மா மடியில் வைத்திருந்த பையை விடாமல் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பைக்குள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பிரசவ லேகியம் இருந்தது. சுக்கு, திப்பிலி, மிளகு, கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் போட்டு அவரே கிளறியது. ஏர்போர்ட்டில் அதிகாரி இது என்ன என்று கேட்டபோது, "பிரசவ மருந்துங்" என்று தமிழிலேயே சொல்லி வயிற்றைத் தொட்டுக் காட்டினாராம். அதிகாரி அவருடைய நரைத்த தலையையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போகச் சொல்லிவிட்டாராம்.

சனிக்கிழமை காலைகளில் பேச்சுவார்த்தை நடக்கும். பேச்சுவார்த்தைக்குப் பார்வையாளர்கள் தேவை என்பதால் அண்ணன் எங்களைக் கூப்பிடுவார். என் வீட்டுக்காரர் சோபாவில் உட்காருவார். நான் சமையலறை வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன். நான் ஒன்பதாவதோடு நின்றவள், பேசவும் மாட்டேன். அதனால் என் முன்னால் யாரும் எதையும் மறைப்பதில்லை.

"சபரி, லைன்ல இரு. ஷ்யாமளாவக் கூப்புடறேன்." பட்டன். "ஷ்யாமளா, உங்கண்ணன் வெயிட்டிங்ல இருக்கான். நீ பேசறது அவனுக்குக் கேக்காது. ஃப்ரீயா பேசு."

"நான் என்னங்கண்ணா ஃப்ரீயா பேசறது?" என்று ஸ்பீக்கரில் ஷ்யாமளாவின் குரல் வந்தது. "அம்மா அங்க வந்து ரெண்டு வாரமாச்சு. எப்ப அனுப்பறீங்க?"

"அவங்க சைடு ரொம்ப ஹார்டா இருக்காங்கம்மா. விசாவுல இருக்கற ஆறு மாசமும் வேணுங்கறாங்க. நான் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சுட்டு வர்றேன்."

பட்டன். "சபரி, உன் தங்கச்சி ஒரு நாள் கூட விட்டுத்தர மாட்டேங்கறா. இருந்தாலும் நான் விடறதா இல்ல."

பட்டனுக்குப் பட்டன் சண்டை பெரிதாகிக்கொண்டே போனது. காபி குடிக்க அண்ணன் போனை வைக்கும்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் என்னைத்தான் நம்பியிருக்காங்க" என்பார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டுவார்.

சாந்தாமணியம்மா கையில் போனைக் கொடுப்பதில்லை. அவர் பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பு அல்ல. அவர்தான் விஷயம். விஷயத்தை யாரும் கேட்பது வழக்கமில்லை.

கேட்டவள் நான் ஒருத்திதான் என்று பெருமையடித்துக்கொள்ள முடியாது. நானும் கேட்கவில்லை. பூண்டு உரிக்க வந்து உட்கார்ந்தவர் தானாகச் சொன்னார்.

"போன வருசம் ஷ்யாமளாவுக்கு ஆறாம் மாசத்துலயே கலைஞ்சு போச்சு அம்முணி. மாப்பிள்ளை ஆபீசுக்குப் போயிட்டாரு. ஒத்தையில ஆசுபத்திரியில கெடந்துட்டு எனக்குப் போன் போட்டா. நான் கோபியில போனப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். என்ன பண்றது? 'அழுவாத கண்ணு'ன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அழுவ வந்துருச்சு." பூண்டுத் தோலை ஊதினார். "இந்த வாட்டி அவளுக்கு வலி வர்றப்ப நான் பக்கத்துல நிக்கோணும். அவ்வளவுதான். வேற எனக்கு அமெரிக்காவுல ஒரு சோலியும் இல்ல."

ஆனால் சோலிகள் அவரைத் தேடி வந்தன. நடுநிலையான இடத்தில் தங்குகிறவர்கள் சும்மா இருக்க முடியாது. கண்மணி அக்காவுக்கு அப்போதுதான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் வேலை கிடைத்திருந்தது. "அத்தை இருக்கறப்ப டேகேர் எதுக்குங்க?" என்று ஓவியாவை டேகேரிலிருந்து நிறுத்தினார். காலையில் தோசை, மத்தியானம் கொள்ளுப் பருப்பு, பொழுதோட களி என்று டவுன்ஹவுஸ் மணத்தது. பக்கத்தில் இருக்கும் கல்யாணமாகாத பையன்கள் கூட, சமாதானம் எப்படிப் போகிறது என்று விசாரிக்கும் சாக்கில் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார்கள்.

ஓவியாவிடம் அவர் தமிழில் பேசுவார். அது ஆங்கிலத்தில் பதில் சொல்லும். இரண்டு பேருக்கும் இடையில் எந்தத் தகராறும் வந்ததில்லை. அங்கே சமாதானம் செய்ய ஆள் வைக்காததுதான் காரணமாக இருக்கும்.

ஒரு நாள் ஆபீசில் பீட்சா சாப்பிட்டுவிட்டு அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். "சின்னம்மா, ஒரு மாதிரி இருக்குதுங்க. எதாச்சும் இருக்குதா?"

பிள்ளை மாதிரி கேட்கிறான் என்று அந்தம்மா லேகிய பாட்டிலைத் திறந்து சுண்டைக்காய் அளவு உருட்டிக் கொடுத்தார். அண்ணனுக்கு அது கேட்டது. ருசியாகவும் இருந்தது. மறுநாள் அவரே பாட்டிலை எடுத்தார். சுண்டைக்காய் நெல்லிக்காய் ஆனது. சாப்பிட்டதும் ஸ்பூனோடு அலமாரிப் பக்கம் போவது பழக்கமாகிவிட்டது. பாட்டிலில் லேகியம் இறங்க இறங்க எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தம்மா மட்டும் சிரித்தார்.

"பெத்தவளுக்கு வெச்சத இவன் திங்கறான். இவனுக்கும் எதாச்சும் பொறக்குமோ என்னமோ."

அவரை ஏன் இன்னும் சான்டா கிளாராவுக்கு அனுப்பவில்லை என்பதற்கு அண்ணனிடம் நல்ல காரணம் இருந்தது. துணை. இங்கிலீஷ் தெரியாதவரைத் தனியாக எப்படி அனுப்புவது? அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது கிடைக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் வாரத்துக்கு ஒருவராவது கலிஃபோர்னியாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் பேச்சலர், பொறுப்பிருக்காது என்றார் அண்ணன். இன்னொருவர் வழியில் பிளேன் மாறுகிறார். மூன்றாவது ஆள் குடும்பத்தோடு நேராகப் போகிறவர். "அவரு திருநெல்வேலிப் பக்கம். அவரு பேசறது சின்னம்மாவுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டார்.

ஜூன் பிறந்ததும் திட்டத்தை வெளியிட்டார். ஜூலை நாலாம் தேதி லீவுக்கு இரண்டு குடும்பமும் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வர வேண்டும். டெக்கில் வைத்து ஒப்பந்தம். ஷ்யாமளாவும் ருக்மிணியும் கை குலுக்குவார்கள். அண்ணன் நடுவில். கேம்கார்டர் வாங்கியாகிவிட்டது.

"ஏனுங்க, ஒம்பதாம் மாசத்துல பிளேன்ல ஏத்துவாங்களா?" என்று கண்மணி அக்கா கேட்டார்.

உலகத்தில் எந்த ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு சிக்கல் வந்திருக்காது. அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, புருசனுங்க வரட்டும். ரெப்ரசென்டேடிவ்" என்றார்.

"அதுவரைக்கும் நான் இங்கயா?" என்றார் சாந்தாமணியம்மா.

"கொஞ்சம் பொறுங்க சின்னம்மா. டேட்டு பதினஞ்சாம் தேதிதான? நாலாம் தேதி முடிச்சுட்டு அடுத்த நாளே அனுப்பிடறேன்."

"கொழந்தைக்கு அந்தத் தேதி தெரியுமா சாமி?"

அண்ணன் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

ஜூன் நடுவில், ஒரு வேலைநாள் மத்தியானம். அண்ணனும் அக்காவும் ஆபீசில். நான் மிளகாய்த்தூள் கடன் வாங்கப் போயிருந்தேன். போன் அடித்தது. சாந்தாமணியம்மா எடுக்கவில்லை. சாமான் விற்கிற வெள்ளைக்காரர்கள் கூப்பிடுவார்கள், எடுக்க வேண்டாம் என்று அண்ணன் சொல்லி வைத்திருந்தார். கொஞ்சம் அடித்து ஓய்ந்ததும், ஆள் இல்லாதபோது செய்தி வாங்கி வைக்கிற மெஷின் பேசியது. அண்ணனின் இங்கிலீஷ் முடிந்ததும், "அத்தை... இருக்கீங்களா? நான் ருக்மிணிங்க" என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த வீட்டுப் போனை எடுக்கலாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"என்ற மருமவ கூப்புடறா. இவ என்ன சாமானா விக்கறா?" என்று சொல்லிவிட்டு எடுத்தார். எந்தப் பட்டனை இடித்தாரோ, குரல் ஸ்பீக்கரிலேயே வந்தது.

"அத்தை, கால் ரெண்டும் வீங்கிப்போய்க் கெடக்குதுங்க. உங்ககிட்டக் கேக்கலாமேன்னு... மாமா இருக்கறப்பக் கேட்டா அதையும் அஜெண்டாவுல சேத்துருவாரு."

"பார்லித் தண்ணி குடி கண்ணு. உப்பக் கொற. டாக்டர்கிட்டயும் காட்டிப்போடு. மூத்தது எப்படி இருக்குது?" என்று கேட்ட அந்தம்மா, கொஞ்சம் தயங்கி, "ருக்கு, உனக்கு எம்மேல கோவமா?" என்றார்.

"உங்க மேல எனக்கென்னங்க அத்தை கோவம்? நீங்க மொதல்ல ஷ்யாமளாகிட்டயே போங்க, அங்க முடிச்சுட்டு இங்க வாங்கன்னு நான் மே மாசமே மாமாகிட்டச் சொல்லிட்டனே."

"யாருகிட்ட?"

"மயில்சாமி மாமாகிட்டத்தான். எங்கிட்ட இருக்கட்டும், சரியான நேரத்துல சொல்லிக்கறேன்னாரு. நாலாம் தேதி அனௌன்ஸ் பண்றாராம்."

சாந்தாமணியம்மா நின்றபடியே இருந்தார். நான் கையில் மிளகாய்த்தூள் கிண்ணத்தோடு நின்றேன். சமாதானம் எப்போதோ வந்து, அண்ணனின் பாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது.

"இதை ஷ்யாமளாகிட்டச் சொல்லோணுமே. மயிலு வரட்டும். மூணு பேரும் பேசற பட்டன் அவன் போன்லதான இருக்குது?"

"அதெல்லாம் எல்லார் போன்லயும் இருக்குதுங்க அத்தை! மாசா மாசம் பில்லுலயே போட்டுர்றான். இருங்க."

ஒரு சொடுக்குச் சத்தம். பிறகு, "ஹலோ?" என்று ஷ்யாமளா.

"ஷ்யாமி, நான் அண்ணி பேசறேன். அம்மாவும் லைன்ல இருக்காங்க."

கலிஃபோர்னியாவிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அண்ணி, நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"விடு. எனக்கும் அன்னைக்கு வாந்தி, மயக்கம். பட்டுனு கோவம் வந்துருச்சு. உனக்குக் கால் வீங்குதா?"

"செருப்பே போட முடியல அண்ணி. அவரோட செருப்பப் போட்டுட்டுத் திரியறேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கால் வீக்கத்துக்கும் புளி ரசத்துக்கும் நடுவில் எங்கேயோ ஒப்பந்தம் முடிந்துவிட்டது. யாரும் அதைத் தனியாக அறிவிக்கவில்லை. அம்மா உடனே கிளம்ப வேண்டும் என்று மட்டும் முடிவானது.

"துணைக்கு ஆள் இல்லைன்னு மயிலு சொல்றான்" என்றார் சாந்தாமணியம்மா.

"துணை எதுக்குங்க? டிக்கெட்டுல வீல்சேர்னு போட்டாப் போதும். ஏர்லைன்ஸ்காரனே வெச்சுத் தள்ளிட்டுப் போய் ஏத்தி, எறக்கி, ஷ்யாமி புருசன் கையில குடுத்துருவான். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் கூட்டிட்டு வர்றாங்க."

"அட கெரகமே! எனக்குக் கால் நல்லாத்தான இருக்குது? வீங்கிக் கெடக்கறது உங்க ரெண்டு பேருக்குத்தான்!"

அன்று மாலை அண்ணன் வந்தபோது என் வீட்டுக்காரரும் கூட வந்தார். டிக்கெட் போட்டாகிவிட்டது என்பதைச் சாந்தாமணியம்மா காபி கொடுத்துக்கொண்டே சொன்னார். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தை அப்போது யாராவது கேம்கார்டரில் எடுத்திருக்க வேண்டும். தன் நாட்டின் மேல் யாரோ குண்டு போட்டதைப் போல இருந்தது.

"சின்னம்மா, இப்படி டைரக்டா நீங்களே பேசிட்டா எப்படிங்க? இதுக்குன்னு ஒரு ப்ராசஸ் இருக்குதல்ல?"

"ருக்கு மே மாசமே சரின்னுட்டாளாமே. எங்கிட்ட ஏஞ்சாமி சொல்லல?"

"அது இன்னும் முழுசா மெச்சூர் ஆகலைங்க. அவசரப்பட்டு வெளிய சொன்னா..."

"என்ற புள்ள வயித்துல இருக்கறதும் இன்னும் முழுசா ஆகலதான். உன்ற மீட்டிங்குக்காக அது உள்ளயே நிக்குமா?"

இதற்கு என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். தப்பான இடத்தில் சிரித்துவிட்டோம் என்று தெரிந்து இருமலாக மாற்றினார்.

"அது சரிங்க அத்தை" என்றார் கண்மணி அக்கா. "நீங்க போயிட்டா ஓவியாவ யாரு பாக்கறது?"

உண்மை எப்போதும் இப்படித்தான் வரும், காபி டம்ளரைக் கழுவப்போகிற நேரத்தில். டேகேரில் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்தாகிவிட்டது. அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா அண்ணனைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அந்த உடன்படிக்கையில் என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

நெவார்க் ஏர்போர்ட்டில் வீல்சேரைப் பார்த்ததும் சாந்தாமணியம்மா பின்வாங்கினார். "நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க? தோட்டத்துல தண்ணிக்கொடம் தூக்குன ஒடம்பு இது."

"உக்காருங்கம்மா" என்றேன். அந்த ஒரு மாதத்தில் நான் சத்தமாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். "நடந்தா, எந்தப் பக்கம் போறதுன்னு கேப்பாங்க. உக்காந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். தள்ள வந்த ஆள் ஆறடிக்கு மேல் உயரம், சிரித்த முகம். "மெதுவாப் போ சாமி" என்று இவர் சொன்னார். "எஸ் மேம்" என்று அவர் சொன்னார். ஜனக்கூட்டம் ஒதுங்கி வழிவிட, மகாராணி போவதுபோல் போனார். அண்ணன் கேம்கார்டரைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடினார். வல்லரசு அப்படி மூச்சிரைக்க ஓடி நான் பார்த்ததில்லை.

ஜூலை நாலாம் தேதி விழா ரத்தாகும் என்று நினைத்தோம். எதற்கு ரத்தாக வேண்டும்? கோழி வாங்கி மசாலா தடவி வைத்தாகிவிட்டது. ஆட்களைக் கூப்பிட்டாகிவிட்டது. சபரிநாதன் வரவில்லை. ஷ்யாமளாவின் புருஷனும் வரவில்லை. "ரெப்ரசென்டேடிவ் இருந்தாப் போதும்" என்றார் அண்ணன். என் வீட்டுக்காரரை டெக்சாஸாக நிறுத்தினார். பக்கத்து அபார்ட்மெண்டிலிருந்து சாப்பிட வந்திருந்த ஒரு பேச்சலர் பையனைக் கலிஃபோர்னியாவாக நிறுத்தினார். டெக்கில், கிரில் அடுப்புப் புகைக்கு நடுவில், இரண்டு பேரும் கை குலுக்கினார்கள். அண்ணன் நடுவில் நின்று கைகளை விரித்தார். கண்மணி அக்கா படம் எடுத்தார்.

"ஸ்மைல் பண்ணுங்க சார்" என்றான் கலிஃபோர்னியா.

"நான் பண்ணிட்டேதாம்ப்பா இருக்கேன்" என்றது டெக்சாஸ். "என் வேலையே அதான்."

அப்போது போன் அடித்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். ஷ்யாமளாதான். குரல் மெலிந்திருந்தது. "அண்ணா, காலையில பொண்ணு பொறந்துருச்சு. டேட்டுக்கு முன்னாடியே வந்துருச்சு. ஆனா நல்லா இருக்கா. அம்மா பக்கத்துலயே இருந்தாங்க. ராத்திரி பூரா என் கையப் புடிச்சுட்டே நின்னாங்க."

பின்னால் ஒரு சிசுவின் அழுகையும், அதற்கு மேல் சாந்தாமணியம்மாவின் குரலும் கேட்டன. "உக்காந்து வந்ததுனாலதான் எனக்கு நிக்கறதுக்குத் தெம்பு இருந்துச்சுன்னு அந்த அம்முணிகிட்டச் சொல்லு!"

நான் ஓவியாவின் தட்டைத் துடைப்பதுபோல் உள்ளே போய்விட்டேன். வெளியே கைதட்டல் கேட்டது. அண்ணன் கேமராவைப் பார்த்து, "இது நம்ம உடன்படிக்கையோட முதல் பலன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து, ஹூஸ்டனில் இரண்டாகப் பிரிந்துபோன ஒரு தமிழ்ச் சங்கத்தைக் கையில் எடுக்கப்போவதாகவும் சொன்னார்.

அந்தம்மா போனபிறகு அலமாரிப் பக்கம் போகிற அளவுக்கு அந்த வீட்டில் சமையல் இருந்ததில்லை. அன்று கோழி நிறையச் சாப்பிட்டதில் அவருக்கு மறுபடி வயிறு கனத்தது. ஸ்பூனை எடுத்துக்கொண்டு சமையலறை அலமாரிக்கு வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில் அங்கேயேதான் இருந்தது. மிச்சமிருந்ததை வழித்து ஒரு டிபன் பாக்ஸில் அடைத்து எடுத்துப்போயிருந்தார் அந்தம்மா. பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்திருந்தார்.

அண்ணன் அதை நிமிர்த்திப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஸ்பூனைக் கையில் வைத்தபடியே என்னிடம் திரும்பி, "உங்களுக்கு இந்த லேகியம் கிளறத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

தெரியும். ஆனால் பிரசவம் ஆனவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பது என்று சொன்னேன்.